பழைய படத்தைத் தூக்கிப் போடச் சொல்லாத ஓவிய வகுப்பு

பாளையங்கோட்டை மகாராஜ நகரில், உழவர் சந்தையிலிருந்து நடந்து போகிற தூரத்தில், ஒரு வீட்டு மாடியில் சனிக்கிழமைதோறும் காலையில் பிள்ளைகளுக்கு ஓவிய வகுப்பு நடக்கிறது. பெயர்ப் பலகை கிடையாது. கேள்விப்பட்டு வருகிறவர்கள்தான். என் பேத்தி ஒரு வருஷத்துக்கும் மேலாகப் போகிறாள். கொண்டு விடுவது, முடிகிற வரைக்கும் ஓரமாக உட்கார்ந்திருப்பது, கூட்டி வருவது எல்லாம் என் பொறுப்பு. ஃப்ளெக்ஸ் வருகிற வரைக்கும் திருநெல்வேலி ஜங்ஷனிலும் டவுனிலும் கடைப் போர்டு எழுதியும் சுவர் விளம்பரம் எழுதியும் பிழைத்தவன் நான். பிரஷ் பிடித்திருக்கிற கையைப் பார்த்தாலே, சொல்லிக்கொடுப்பது சரியாக இருக்கிறதா என்று தெரிந்துவிடும். அந்தக் கண்ணோடு பார்த்துத்தான் இதை எழுதுகிறேன்.

முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஆறு வயதுக்கு மேல் பிள்ளை இருந்தால் தயங்காமல் சேர்க்கலாம். ஆனால் ஓவியப் போட்டியில் பரிசு வாங்க வேண்டும், மாதத்துக்கு நாலு படம் சுவரில் மாட்ட வேண்டும் என்று நினைக்கிறவர்களுக்கு இது சரிப்படாது. இங்கே ஒரு படம் முடிய ஒரு மாதமும் ஆகும், இரண்டு மாதமும் ஆகும். அதுவும் புதுப் படம் இல்லை, பழைய படம்.

மற்ற வகுப்புகளில் டீச்சர் ஒரு படத்தைக் கிளிப் போட்டு மாட்டுவார், பிள்ளைகள் அதைப் பார்த்து வரைவார்கள், அடுத்த வாரம் வேறு படம். இங்கே சேர வருகிற பிள்ளையிடம், "வீட்ல நீ முன்னாடி வரைஞ்ச படம் எதுவும் இருந்தா எடுத்துட்டு வா, உனக்குப் பிடிக்காததா இருந்தா ரொம்ப நல்லது" என்கிறார் டீச்சர். பிள்ளைகள் அவரை அக்கா என்றுதான் கூப்பிடுகிறார்கள். பரண் மேல் கிடந்தது, பள்ளிக்கூட ஃபைலில் இருந்தது, மடித்துப் பீரோவுக்குள் சொருகினது என்று ஒவ்வொருவரும் ஒன்று கொண்டு வருவார்கள். அதில் என்ன வைத்துக்கொள்வது, எதை மறைப்பது, எதை வெட்டி எடுப்பது என்று அந்தப் பிள்ளைதான் முடிவு பண்ண வேண்டும். அந்த முடிவை எடுக்கப் பழக்குவதுதான் இந்த வகுப்பு என்று எனக்குப் படுகிறது. கோடு போடுவதையும் கலர் கலப்பதையும் எங்கே வேண்டுமானாலும் கற்றுக்கொள்ளலாம். தன் படத்தைத் தானே திரும்பப் பார்த்து, இது இருக்கட்டும், இது போகட்டும் என்று சொல்லப் பழகுவது பெரிய காரியம்.

பாதிப் பிள்ளைகள் கொண்டு வருவது அதே படம்தான், எல்லா வீட்டிலும் இருக்குமே. இரண்டு மலை, நடுவில் சூரியன், மலையிலிருந்து இறங்கி வருகிற ஆறு, ஆற்றங்கரையில் குடிசை, பக்கத்தில் ஒரு தென்னை, ஆகாயத்தில் நாலு பறவை. என் பேத்தியும் அதைத்தான் கொண்டு போனாள். அக்கா குறை எதுவும் சொல்லவில்லை. கேள்விதான் கேட்டார். "நம்ம ஊருல மலை எந்தப் பக்கம் இருக்கு?" பிள்ளைகள் மொத்தமாக மேற்கே கையைக் காட்டினார்கள். அந்த மாடியிலிருந்து வானம் தெளிந்த நாளில் பொதிகை நன்றாகத் தெரியும். "சூரியன் எந்தப் பக்கம் உதிக்கு?" கை கிழக்கே திரும்பியது. "அப்போ நீ வரைஞ்சது காலையா, சாயங்காலமா?" என் பேத்தி கொஞ்ச நேரம் படத்தையே பார்த்தாள். "சாயங்காலம்க்கா. ஆனா நான் காலைன்னு நினைச்சுத்தான் வரைஞ்சேன்."

சரி, அப்போ அதைச் சாயங்காலமாக மாற்றுவோம் என்று வேலை ஆரம்பித்தது. போஸ்டர் கலரில் போட்ட படம். போஸ்டர் கலர் காய்ந்தாலும் தண்ணீர் பட்டால் திரும்பக் கரையும். அதன் மேல் புதுக் கலர் வைத்தால் அடியில் உள்ளது கலந்து சேறாகும் என்று பயந்துதான் பலர் தொடுவதே இல்லை. அக்கா அந்தக் கரைகிற குணத்தையே பயன்படுத்தச் சொன்னார். வானத்தை மட்டும் நனைத்து, துணியால் ஒற்றிப் பழைய மஞ்சளைப் பாதி எடுத்தார்கள். மிச்சம் இருந்த மஞ்சள் மேல் ஆரஞ்சும் கொஞ்சம் ஊதாவும் வைத்ததும், அடி மஞ்சள் கலந்து வானம் தானாகப் பழுத்துவிட்டது. அடுத்ததுதான் முக்கியமான பாடம். சூரியன் மலைக்குப் பின்னால் இறங்கினால் நம் பக்கம் தெரிகிற மலை பச்சையாக இருக்காது, இருட்டி நீலமாகத்தான் இருக்கும். குடிசையின் முன்சுவரும் இருட்டும். ஆற்றில் மட்டும் வானத்து வெளிச்சம் விழும். ஒரு சூரியனின் நேரத்தை மாற்றினதும் படத்தில் இருந்த ஒவ்வொன்றையும் யோசிக்க வேண்டியதாயிற்று. வெளிச்சம், நிழல் என்று கரும்பலகையில் எழுதிப் போட்டால் எட்டு வயதுப் பிள்ளைக்கு இவ்வளவு ஏறாது. தென்னையை அவள் அப்படியே விட்டுவிட்டாள். அது நல்லா இருக்கு, அதைத் தொட மாட்டேன் என்றாள். நானும் பார்த்தேன், உண்மையிலேயே நல்ல தென்னைதான்.

எந்தப் படத்தை எடுத்தாலும் அக்கா முதலில் ஒரு சோதனை செய்ய வைக்கிறார். ஈரத் துணியால் மூலையில் லேசாகத் துடைத்துப் பார்க்க வேண்டும். கலர் துணியில் வந்தால் வாட்டர் கலர் அல்லது போஸ்டர் கலர். வராமல் பிளாஸ்டிக் மாதிரி இருந்தால் அக்ரிலிக், அதன் மேல் திரும்ப அக்ரிலிக்கே வைக்கலாம். மெழுகாக வழுக்கினால் கிரேயானோ ஆயில் பேஸ்டலோ. அதன் மேல் தண்ணீர்க் கலர் எதுவும் ஒட்டாது. அதற்கும் வழி வைத்திருக்கிறார். கருப்பு போஸ்டர் கலரில் பாத்திரம் துலக்குகிற சோப்புத் தண்ணீர் ஒரு சொட்டு விட்டுக் கலக்கினால் மெழுகு மேலும் பிடிக்கும். படம் முழுவதும் கருப்பு பூசிக் காய்ந்த பிறகு, மூங்கில் குச்சியால் கீறினால் கீறின இடத்தில் எல்லாம் பழைய நிறங்கள் எட்டிப் பார்க்கும். ஒரு பையன் தன் எல்.கே.ஜி. கிறுக்கலை இப்படி மூடிவிட்டு அதன் மேல் நெல்லையப்பர் தேரைக் கீறினான். எந்த இடத்தில் என்ன கலர் வரும் என்று அவனுக்கே தெரியாது. ஒவ்வொரு கீறலுக்கும் மாடியே வந்து எட்டிப் பார்த்தது.

ஆயில் பெயிண்டில் போட்ட கேன்வாஸை யாராவது கொண்டு வந்தால் அக்ரிலிக் வைக்க விடுவதில்லை. அது சரியான முடிவு. அக்ரிலிக் மேல் ஆயில் நிற்கும், ஆயில் மேல் அக்ரிலிக் நிற்காது. இன்று ஒட்டினது போலத் தெரிந்து பிறகு தோலாக உரியும். இந்த விஷயம் தெரியாமல் பிள்ளைகளுக்கு வகுப்பு எடுக்கிறவர்கள் இருக்கிறார்கள்.

பழைய அக்ரிலிக் படத்தை முழுதாக மறைக்க ஜெஸ்ஸோ என்கிற வெள்ளைப் பூச்சு வேண்டும். சுண்ணப்பொடி, வெள்ளை நிறமி, அக்ரிலிக் பசை சேர்ந்தது அது. காய்ந்தால் சொரசொரப்பாக இருக்கும், அடுத்த கலர் பிடித்துக்கொள்ளும். தொட்டுப் பார்க்க ஒரு மணி நேரத்தில் காய்ந்துவிடும் என்றாலும் ஒரு நாள் விட்டு வரைவதுதான் நல்லது. மொத்தப் படத்தையும் மறைக்காமல், பிடிக்காத இடத்தில் மட்டும் இதைப் பூசச் சொல்கிறார் அக்கா. கடை ஜெஸ்ஸோ விலை அதிகம் என்று தோன்றினால் வீட்டிலேயே செய்யலாம். சலித்த சாக்பீஸ் பொடி, ஃபெவிகால், வெள்ளை அக்ரிலிக் மூன்றையும் ஏறக்குறைய சம அளவில் எடுத்து, தண்ணீர் விட்டு மோர்ப் பதத்துக்குக் கலக்கினால் போதும். அட்டைக்கு இது அருமை. துணிக்கு வேண்டாம், மடங்கினால் வெடிக்கும். நடுவில் ஒரு தடவை விலை மலிவு என்று வெளியில் வாங்கின ஒரு டப்பா பூசின மறுவாரமே ஏடு ஏடாக உரிந்து வந்தது. அந்தப் பிள்ளைகளுக்கு அக்காவே புது அட்டை கொடுத்து ஈடுகட்டினார். அதிலிருந்து வீட்டுக் கலவைதான்.

சார்ட் பேப்பரில் இருக்கிற படத்துக்கு நேராக ஜெஸ்ஸோ பூசினால் சுருண்டுவிடும். முதலில் அட்டையில் ஒட்ட வேண்டும். ஜவுளிக்கடைச் சேலைப் பெட்டி, தடிமனான கல்யாணப் பத்திரிகை என்று வீட்டில் சேருவதெல்லாம் இதற்கு ஆகும். சாமி படம் போட்ட காலண்டரை மட்டும் வெட்டவோ மறைக்கவோ விடுவதில்லை. அந்தக் காலண்டர் படங்களைப் பற்றி ஒரு நாள் என்னைப் பேசச் சொன்னார். "அண்ணாச்சி, நீங்க சொன்னாத்தான் இதுகளுக்குப் புரியும்" என்றார். கோவில்பட்டியில் இருந்து வரைந்த கொண்டையராஜுவைப் பற்றிச் சொன்னேன். சென்னை ஓவியப் பள்ளியில் படித்து, நாடகக் கம்பெனிக்குச் சீன் திரை வரைந்துகொண்டு தெற்கே வந்து, கோவில்பட்டியிலேயே தங்கி, 1976-இல் காலமாகிற வரைக்கும் சீடர்களோடு சேர்ந்து வரைந்தவர். சிவகாசியில் அச்சாகி, நம் வீட்டுச் சுவர்களில் தொங்கின எத்தனையோ சாமிகளின் முகம் அவர் கை வழியாக வந்தது. கோவில்பட்டி அப்போது நம் திருநெல்வேலி ஜில்லா. பிள்ளைகள் வீட்டுக்குப் போய்ப் பழைய காலண்டர்களைத் தேடி எடுத்து ஓரத்தில் கையெழுத்து இருக்கிறதா என்று பார்த்தார்கள். பேசினதற்குப் பலன் கிடைத்த மாதிரி இருந்தது.

வெட்டி எடுக்கிற வேலையில் எனக்குப் பிடித்தது, ‘ட’ மாதிரி வெட்டின இரண்டு அட்டைகள். அவற்றைச் சேர்த்துப் பிடித்தால் சின்னச் சட்டம் ஆகும். பெரிதாக்கலாம், சுருக்கலாம். அதைப் பழைய படத்தின் மேல் நகர்த்திக்கொண்டே போனால், மொத்தமாக நன்றாக இல்லாத படத்துக்குள் உள்ளங்கை அகலத்தில் ஓர் அழகான இடம் கிடைக்கும். ஒரு பிள்ளையின் சொதப்பின மயிலில் கழுத்து மட்டும் அபாரம். அதை வெட்டி எடுத்து வேறு அட்டையில் ஒட்டி, அதைச் சுற்றிப் புதிதாக வரைந்தாள். எந்த இடமும் தேறாத வாட்டர் கலர் படங்களை நீளநீளமாகக் கிழித்து, பத்தமடைப் பாய் முடைகிறது போல ஒன்றுக்குள் ஒன்று கோத்துவிடுகிறார்கள். சின்னப் பிள்ளைகளுக்கு அதுதான் கொண்டாட்டம்.

ஒரு படத்தைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். சிந்துபூந்துறையிலிருந்து வருகிற ஒரு பெண் குழந்தை, 2023 டிசம்பர் வெள்ளத்தில் நனைந்த படம் ஒன்றைக் கொண்டு வந்தாள். டிசம்பர் 17, 18 தேதிகளில் தாமிரபரணி ஊருக்குள் வந்தபோது அவர்கள் வீட்டில் கீழ்த்தட்டில் இருந்ததெல்லாம் போய்விட்டது. இந்தப் படம் அலமாரியில் நின்ற வாக்கில் பாதி முங்கியிருந்திருக்கிறது. கீழே பாதி சேற்று நிறம், மேலே பாதியில் பழைய வீடும் பூச்செடியும், நடுவில் தண்ணீர் நின்ற மட்டம் கோடு போட்ட மாதிரி. அவளுக்கு அந்தக் கறையை வெள்ளை பூசி மறைக்க வேண்டும். அவள் அம்மாவுக்கும் அதுதான் ஆசை. அக்கா மறைக்கலாம் என்றும் சொல்லவில்லை, வேண்டாம் என்றும் சொல்லவில்லை. "ஒரு வாரம் வச்சுப் பாரு மக்கா. அப்புறம் நீ என்ன சொல்றியோ அதுதான்" என்றார். மறு சனிக்கிழமை அந்தப் பிள்ளை வந்து, கறையை விட்டுவிட்டு அதன் விளிம்பில் மட்டும் வெள்ளைக் கோடு இழுத்தாள். சேற்றுக்குள் மெல்லிய பிரஷால் சாமான்கள் வரைய ஆரம்பித்தாள். சிலிண்டர், ஒரு செருப்பு, தையல் மிஷின், பாட்டியின் மருந்து டப்பா. ஒவ்வொன்றாக ஞாபகப்படுத்திக்கொண்டு வரைந்தாள். மேலே இருந்த வீட்டையும் பூச்செடியையும் தொடவே இல்லை. அங்கே வருகிற படங்களில் அதுதான் சிறந்தது என்பது என் அபிப்பிராயம். வெள்ளை பூசியிருந்தால் இன்னொரு வீட்டுப் படம்தான் கிடைத்திருக்கும்.

எதை மாற்றக் கூடாது என்பதிலும் அக்காவிடம் கண்டிப்பு உண்டு. தன் படத்தைத்தான் தொடலாம். அண்ணன் படம், தோழி படம் என்றால் அவர்கள் சம்மதிக்க வேண்டும். தாத்தா பாட்டி வரைந்ததைத் தொடவே கூடாது. எதுவானாலும் முதலில் போட்டோ எடுத்து வைத்துக்கொள்ள வேண்டும். பரிசு வாங்கின படத்தைப் போய்க் கெடுக்கிறீர்களே என்று ஒரு தாயார் வருத்தப்பட்டபோது, அதைக் கலர் ஜெராக்ஸ் எடுத்து வரச் சொல்லி ஜெராக்ஸின் மேல் வேலை செய்ய வைத்தார். தாயாருக்கும் திருப்தி, பிள்ளைக்கும் பயம் விட்டது.

தஞ்சாவூர்ப் பெரிய கோயில் கதையையும் சொல்லியிருக்கிறார். உள்சுற்றில் நாயக்கர் காலத்தில் எழுதின ஓவியத்துக்கு அடியில் சோழர் கால ஓவியம் இருப்பதை 1931-இல் எஸ்.கே. கோவிந்தசாமி என்ற வரலாற்று அறிஞர் கண்டுபிடித்தார். பிற்பாடு தொல்லியல் துறையினர் மேல் அடுக்கைச் சேதமில்லாமல் பிரித்துத் தனியாகப் பதித்து வைத்தார்கள். மேலே உள்ளதும் வேண்டும், கீழே உள்ளதும் வேண்டும். பிக்காசோ 1903, 1904 வாக்கில் வரைந்த கிழட்டு கிட்டார்க்காரனின் படத்துக்கு அடியில் ஒரு பெண்ணின் படம் இருப்பதையும் பிரிண்ட் எடுத்துக் காட்டினார். காசு இல்லாத காலத்தில் பெரிய ஓவியர்களும் பழைய கேன்வாஸிலேயே திரும்ப வரைந்தவர்கள்தான். பிள்ளைகளுக்கு அது பெரிய தைரியம். எனக்கு ஞாபகம் வந்தது நம் ஊர்ச் சுவர்கள். எலெக்ஷன் முடிந்து சுண்ணாம்பு அடித்த சுவரில் நல்ல மழை பெய்தால், நனைந்த சுண்ணாம்புக்குள் பழைய சின்னமும் பழைய எழுத்தும் தெரிந்து வரும். காய்ந்தால் மறைந்துவிடும். அடுத்த மழையில் போய்ப் பாருங்கள் என்று பிள்ளைகளிடம் சொல்லியிருக்கிறேன்.

இந்த இடத்தில் பெற்றோருக்கு ஓர் எச்சரிக்கை. பழைய படம்தானே என்று வீட்டில் கிடக்கிற பழைய எனாமல் போர்டையோ பெயிண்ட் அடித்த பலகையையோ பிள்ளை கையில் கொடுத்து உப்புத்தாள் போடச் சொல்லாதீர்கள். அந்தக் காலத்து மஞ்சள், சிவப்பு எனாமலில் ஈயம் நிறைய உண்டு. வீட்டுப் பெயிண்டில் ஈயம் 90 பி.பி.எம்.-க்கு, அதாவது பத்து லட்சத்தில் 90 பங்குக்கு மேல் கூடாது என்ற விதி நம் நாட்டில் நடைமுறைக்கு வந்ததே 2017 நவம்பரில்தான். தேய்க்கிற தூசு மூச்சோடு போனால் பெரியவர்களைவிடப் பிள்ளைகளுக்குத்தான் கேடு அதிகம். அக்கா எனாமல் எதையும் மாடி ஏற்றுவதில்லை. அக்ரிலிக் படத்தில் மேடு தட்டினால்கூட அவரே ஈர உப்புத்தாளால் வெளியில் வைத்துத் தேய்த்துக் கொடுக்கிறார். இந்த ஒன்றுக்காகவே அவரை நம்பிப் பிள்ளையை விடலாம்.

குறை இல்லாமல் இல்லை. மாடியில் தகரக் கூரை. சித்திரை, வைகாசியில் பத்து மணிக்கு மேல் உட்கார முடியாது. கலர் தட்டிலேயே காய்கிறது, ஈரத் துணி விரித்துச் சமாளிக்கிறார்கள். ஆடிக் காற்றில் பேப்பரைப் பிடிப்பதே ஒரு வேலை. ஏறுகிற படிக்கு ஒரு பக்கம் கைப்பிடி இல்லை, இதை நேரில் சொல்லியிருக்கிறேன். பொதுப் பிரஷ்கள் தேய்ந்து விரிந்துவிட்டன. மெல்லிய கோடு இழுக்க விரும்புகிற பிள்ளைக்கு நீங்களே ஒரு நல்ல நைலான் பிரஷ் வாங்கிக் கொடுத்துவிடுங்கள். அதைத் தண்ணீர் மக்கில் தலைகீழாக நிறுத்தி வைக்கக் கூடாது என்றும் சொல்லிக் கொடுங்கள்.

பெரிய குறை என்று நான் நினைப்பது வேறு. கோட்டுப் பயிற்சி போதாது. சின்னப் பிள்ளைகளுக்கு இது பரவாயில்லை. பன்னிரண்டு, பதின்மூன்று வயதுப் பிள்ளைகளுக்கு மனசில் இருப்பது கைக்கு வராமல் எரிச்சல் வருகிறது. கை விரல், முகத்தின் அளவு, ஒரு செம்பைப் பார்த்து வரைவது, இதற்கெல்லாம் வாரம் அரை மணி நேரம் ஒதுக்கினால் வகுப்பு எங்கேயோ போய்விடும். அரசு நடத்துகிற லோயர், ஹையர் டிராயிங் பரீட்சை எழுத நினைக்கிற பிள்ளைக்கு இது மட்டும் பற்றாது, வேறு இடத்திலும் பயில வேண்டும். அடுத்தது, வருஷக் கடைசியில் வைத்த கண்காட்சியில் மாற்றி முடித்த படங்களை மட்டும் மாட்டினார்கள். பக்கத்திலேயே பழைய படத்தின் போட்டோவையும் மாட்டியிருக்க வேண்டும். வந்தவர்கள் சூரிய அஸ்தமனத்தைப் பார்த்து நன்றாக இருக்கிறது என்று சொல்லிவிட்டு நகர்ந்தார்கள். அது நேற்று வரை உதயமாக இருந்தது என்று அவர்களுக்கு யார் சொல்வது? வருகிற வருஷம் செய்கிறேன் என்று அக்கா சொல்லியிருக்கிறார்.

மாதம் 800 ரூபாய். அட்டை, ஜெஸ்ஸோ, கலர் எல்லாம் அதில் அடக்கம் என்பதால் அதிகம் என்று சொல்ல மாட்டேன். கூடப்பிறந்த இரண்டு பிள்ளைகள் வந்தால் குறைத்துக்கொள்கிறார். ஒரு மாதம் வர முடியாவிட்டால் அந்தப் பணத்தைக் கேட்பதில்லை. பதினைந்து பிள்ளைகளுக்கு மேல் எடுப்பதில்லை, ஆகவே காத்திருக்க வேண்டி வரலாம். பரீட்சை லீவு தொடங்குகிற சமயத்தில் இடம் காலியாகும். போகும்போது பிள்ளையின் பழைய படம் இரண்டு எடுத்துப் போங்கள், பிடித்தது ஒன்று, பிடிக்காதது ஒன்று. புதுச் சட்டை மட்டும் போட்டு அனுப்பாதீர்கள், துணியில் அக்ரிலிக் காய்ந்துவிட்டால் எந்த சோப்புக்கும் போகாது.